அமெரிக்க காயின் செட் வாங்கறீங்களா? மின்ட் போட்ட பேக்கிங்கா, வெளில சேர்த்ததான்னு பாக்கறது எப்படி

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர் பொறந்த வருஷ செட், கல்யாண வருஷ செட்னு தேடப் போயிதான் இந்த காயின் ஹாபிக்குள்ளயே வர்றாங்க. ஆன்லைன்ல தேடினா ஒரே வருஷத்துக்கு எட்டு டாலர்ல ஒண்ணு வரும், நாப்பது டாலர்ல ஒண்ணு வரும், வெல்வெட் பெட்டில தங்க எழுத்து போட்டு தொண்ணூறு டாலர்ல ஒண்ணு வரும், மூணுலயும் ஒரிஜினல்னு எழுதியிருக்கும். எது மின்ட்லேர்ந்து, அதாவது காயின் அடிக்கற அமெரிக்க அரசாங்க ஆலைலேர்ந்து, அப்படியே வந்தது, எது யாரோ ஒரு கடைக்காரர் தனித்தனியா காயின் வாங்கி பிளாஸ்டிக்ல அடுக்கினதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்றாங்க. எனக்கு இது புரியறதுக்குள்ள தாவு தீர்ந்து போச்சு, அதனால ஒரே எடத்துல எழுதி வைக்கறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். வெளில சேர்த்த செட்டுன்னா போலி காயின்னு அர்த்தம் இல்ல. உள்ள இருக்கற காயின் பெரும்பாலும் நெஜ காயின்தான். ஆனா மின்ட் பொறுக்கி எடுத்து சீல் பண்ணினதுக்குக் குடுக்கற வெலைய, எவனோ பேங்க் காயின் ரோல்லேர்ந்து பிரிச்சுப் போட்டதுக்குக் குடுக்க வேண்டியதில்ல. அவ்ளோதான் மேட்டர்.

1. எந்த வகை செட்டுன்னு மொதல்ல தெளிவா இருங்க

மூணு வகை இருக்கு. ப்ரூஃப் செட்: பாலிஷ் பண்ணின டையில (காயின் அடிக்கற அச்சு) அடிச்சது, கண்ணாடி மாதிரி முகம் தெரியும். மின்ட் செட், அதாவது அன்சர்குலேட்டட் செட்: புழக்கத்துக்கு வர்ற அதே காயின்தான், ஆனா கை படாம பிலடெல்ஃபியாவுலயும் டென்வர்லயும் அடிச்சத ரெண்டு பேக்கா போட்டது. மூணாவது ஸ்பெஷல் மின்ட் செட், 1965, 66, 67 மூணு வருஷம் மட்டும்.

விக்கறவங்க எல்லாத்துக்கும் பொதுவா மின்ட் செட்னு போட்டுடுவாங்க. "மின்ட் கண்டிஷன் செட்"னு எழுதியிருந்தா அது மின்ட் செட் இல்ல, காயின் புதுசா இருக்குன்னு மட்டும்தான் சொல்றாங்க. இந்த ஒரு வார்த்தைலயே பாதி பேர் விழுந்துடறாங்க.

2. அந்த வருஷம் மின்ட் அந்த செட்ட வித்துச்சான்னு பாருங்க

எல்லாத்தையும் விட ஈஸியான செக் இதுதான், ரெண்டு நிமிஷம் ஆகாது, ஆனா யாரும் பண்றதில்ல.

மின்ட் செட் 1947ல ஆரம்பிச்சது. 1950க்கு மின்ட் செட் கெடையாது. 1965லேர்ந்து 67 வரைக்கும் ப்ரூஃப் செட்டும் கெடையாது, வழக்கமான மின்ட் செட்டும் கெடையாது, மேல சொன்ன ஸ்பெஷல் மின்ட் செட் மட்டும்தான். அப்புறம் முக்கியமா 1982, 1983. இந்த ரெண்டு வருஷமும் மின்ட் செட் போடல. இப்ப நாப்பத்தி சொச்சம் வயசுல இருக்கறவங்க பொறந்த வருஷ செட் தேடினா இங்கதான் மாட்டுவாங்க, ஏன்னா மார்க்கெட்ல 82, 83 "மின்ட் செட்" கொட்டிக் கெடக்கு. அதுல முக்காவாசி தனியார் சேர்த்தது.

முழுக்க வெளி சரக்குன்னும் சொல்லிட முடியாது. அந்த ரெண்டு வருஷமும் பிலடெல்ஃபியா, டென்வர் மின்ட்ல இருந்த கடைல சூவனிர் செட்னு ஒண்ணு வித்தாங்க. ஒரு சென்ட்லேர்ந்து அரை டாலர் வரைக்கும் அஞ்சு காயின், கூட ஒரு சின்ன மெடல். ஒரு செட்டுல ஒரு மின்ட்டோட காயின் மட்டும்தான் இருக்கும். அதனால 1982ன்னு போட்டு பி காயின் (பிலடெல்ஃபியா), டி காயின் (டென்வர்) ரெண்டையும் ஒரே பிளாஸ்டிக்ல பத்தா அடுக்கியிருந்தா அது மின்ட் வேலை இல்ல. அந்த வருஷங்களோட நல்ல குவார்ட்டர் (25 சென்ட்) காயின் இன்னிக்கு வெல ஜாஸ்தியா இருக்கறதுக்குக் காரணமே மின்ட் செட் இல்லாம போனதுதான், யாரும் பத்திரமா எடுத்து வைக்கல. வெளில சேர்த்த செட்டுல அந்த குவார்ட்டர்தான் மொத அடி வாங்கியிருக்கும், புழக்கத்துல தேஞ்சது ஒண்ண எடுத்து சொருகியிருப்பாங்க, ஜார்ஜ் வாஷிங்டன் கன்னத்த லென்ஸ் வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்.

82, 83ல பொறந்தவங்களுக்கு என் சஜஷன்: அந்த வருஷத்து ப்ரூஃப் செட் வாங்கிட்டுப் போங்க. அது அதிகாரபூர்வமா வந்தது, சீப்பாவும் கெடைக்கும். அதுல டாலர் காயின் இல்லயேன்னு பதறாதீங்க, அந்த வருஷங்கள்ல புழக்கத்துக்குன்னு டாலர் காயினே அடிக்கல, அஞ்சு காயின்தான், கூட மின்ட்டோட சின்ன மெடல் ஒண்ணு இருக்கும்.

3. அந்த வருஷத்துப் பேக்கிங் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க

ப்ரூஃப் செட்டுக்கு:

1950லேர்ந்து 1955 நடுவு வரைக்கும் சின்ன அட்டைப் பெட்டி. ஒவ்வொரு காயினும் தனித்தனி செலோபேன் பையில, அஞ்சு பையையும் சேர்த்து ஒரு ஸ்டேபிள் அடிச்சிருப்பாங்க. 1955லயே மாத்தி ஃப்ளாட் பேக் வந்துடுச்சு, அதனால 55க்கு மட்டும் ரெண்டு விதமும் சரி. 1964 வரைக்கும் அந்த ஃப்ளாட் பேக்தான், மெல்லிசு பிளாஸ்டிக்ல அஞ்சு காயினும் மின்ட் முத்திரையும், வெளில பழுப்புக் கவர். 1957 ப்ரூஃப் செட்ட ஸ்க்ரூ போட்ட கெட்டியான அக்ரிலிக் ஹோல்டர்ல பாத்தீங்கன்னா, காயின் அதே செட்டுலேர்ந்து வந்ததாவே இருக்கலாம், ஆனா பேக்கிங் மின்ட்டோடது இல்ல. அப்போல்லாம் சேகரிக்கறவங்களே அழகுக்காக மாத்தி வச்சுப்பாங்க, அது ஒண்ணும் தப்பில்ல, ஒரிஜினல் பேக்கிங்னு சொல்லி விக்காத வரைக்கும். 1968லேர்ந்து ப்ரூஃப் செட் கெட்டி பிளாஸ்டிக் கேஸுக்கு மாறிடுச்சு.

மின்ட் செட்டுக்கு:

1947-58 செட் அட்டைல ஓட்டை போட்டு காயின சொருகினது, ஒவ்வொரு மின்ட்டுலேர்ந்தும் ஒவ்வொரு காயினும் ரெண்டு ரெண்டா இருக்கும். அந்த அட்டைல கந்தகம் இருந்ததால காயின் வருஷக்கணக்கா கலர் மாறும், வெள்ளிக் காயின் ஓரத்துல மஞ்சள், ஊதா, நீலம்னு படரும். அதனால 1953 அட்டைல பளபளன்னு வெள்ள வெளேர்னு காயின் இருந்தா சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படணும். ஒண்ணு கழுவியிருப்பாங்க, இல்ல நல்ல காயின உருவிட்டு வேற போட்டிருப்பாங்க. இன்னொண்ணும் பாருங்க, ஒரே அட்டைல எல்லா காயினும் ஏறக்குறைய ஒரே மாதிரி வயசாகியிருக்கணும், மூணு கருத்து ரெண்டு மட்டும் மின்னுதுன்னா அந்த ரெண்டும் விருந்தாளி.

1959லேர்ந்து மெல்லிசு பிளாஸ்டிக் பேக், ரெண்டு பட்டை, கவருக்குள்ள. பிலடெல்ஃபியா பட்டைக்கு ஓரத்துல நீலக் கோடு, டென்வர் பட்டைக்கு சிவப்புக் கோடு. ரெண்டு பட்டையும் நீலமா இருந்தா யாரோ ரெண்டு செட்டக் கலந்துட்டாங்கன்னு அர்த்தம்.

ஸ்பெஷல் மின்ட் செட்ல 1965 மட்டும் மெல்லிசு பிளாஸ்டிக் பேக், 66ம் 67ம் கெட்டி பிளாஸ்டிக் கேஸ், அட்டைப் பெட்டிக்குள்ள.

தனி டாலர் காயின் வாங்கறவங்களுக்கு ஒரு வரி: 1971-74 வெள்ளி கலந்த ஐசன்ஹவர் டாலர்ல அன்சர்குலேட்டட் நீலக் கவர்ல வரும், ப்ரூஃப் பழுப்பு மரக் கலர் பெட்டில வரும். ப்ளூ ஐக், ப்ரவுன் ஐக்னு (ஐக்னா ஐசன்ஹவர்) பேரே அதுலேர்ந்துதான்.

4. பிளாஸ்டிக்க விட்டுட்டு மின்ட் மார்க்க படிங்க

மின்ட் மார்க்னா எந்த மின்ட்ல அடிச்சதுன்னு காயின்ல இருக்கற சின்ன எழுத்து. பேக்கிங்க ஏமாத்திடலாம், மின்ட் மார்க்க ஏமாத்தறது கஷ்டம். எனக்குப் பிடிச்ச ஸ்டெப் இதுதான். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வச்சுக்கோங்க, பத்து பதினஞ்சு டாலருக்குள்ள கெடைக்கும்.

1968லேர்ந்து ப்ரூஃப் செட்ல எல்லா காயின்லயும் எஸ் இருக்கணும், சான் ஃப்ரான்சிஸ்கோ. ஒண்ணுல பி இல்ல டி இருந்தா செட்ட யாரோ திறந்திருக்காங்க. எஸ் இல்லாம தப்பி வந்த காயின் சிலது உண்டு, 1970 டைம் (10 சென்ட்) காயின், 1971 நிக்கல் (5 சென்ட்), 1983 டைம், 1990 பென்னி (1 சென்ட்) மாதிரி. அதெல்லாம் நூத்துக்கணக்கு ஆயிரக்கணக்குல போற சரக்கு, பத்து டாலர் செட்டுல அது இருக்கும்னு நம்பி வாங்காதீங்க, அதே சமயம் இருந்தா சாதாரண காயின்னு நெனச்சு விட்டும் குடுத்துடாதீங்க.

1965-67 காயின்ல மின்ட் மார்க்கே கெடையாது. 1964 வரைக்கும் குவார்ட்டர், அரை டாலர்ல டி பின்பக்கம் இருக்கும், 1968லேர்ந்து முன்பக்கம். பிலடெல்ஃபியா காயின்ல பி வர ஆரம்பிச்சது பொதுவா 1980லதான், டாலர்ல மட்டும் 1979லயே வந்துடுச்சு. பென்னில 2017 தவிர பி கெடையவே கெடையாது. அதனால 1974 செட்டுல பிலடெல்ஃபியா பட்டைல எழுத்தே இல்லயேன்னு விக்கறவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும்.

1975 செட் பாத்து நெறைய பேர் கொழம்பிடறாங்க. குவார்ட்டர், அரை டாலர், டாலர் மூணுலயும் 1776-1976ன்னு இருக்கும். மாத்திட்டாங்கன்னு நெனைக்க வேணாம், 1975ன்னு தேதி போட்ட குவார்ட்டரே அமெரிக்கா அடிக்கல. இங்க தலைகீழா, 75ன்னு குவார்ட்டர் இருந்தாத்தான் பிரச்சனை.

அப்புறம் "செட்டுல மட்டும் வந்த காயின்". இத உருவிட்டு மிச்சத்த விக்கறது ரொம்ப சகஜம்:

1970 மின்ட் செட்ல டென்வர் கென்னடி அரை டாலர். 40% வெள்ளி, புழக்கத்துக்கே வரல. அது இல்லாத 1970 செட் வெறும் சில்லறை.

1973 செட்ல ஐசன்ஹவர் டாலர் ரெண்டு, 1987 செட்ல அரை டாலர் ரெண்டு, இதுவும் புழக்கத்துக்கு விடாம செட்டுக்குன்னே அடிச்சது.

1996 மின்ட் செட்ல டபிள்யூ போட்ட டைம் காயின் ஒண்ணு எக்ஸ்ட்ரா, வெஸ்ட் பாயின்ட்ல அடிச்சது, ரூஸ்வெல்ட் டைமோட அம்பதாவது வருஷத்துக்காக. அந்த செட்டோட மதிப்பே அதுலதான் இருக்கு.

2019ல டபிள்யூ பென்னி தனியா சின்னப் பாக்கெட்ல செட்டோட வந்தது. செட் சீல் உடையாம இருக்கும், பென்னி மட்டும் இருக்காது, விக்கறவர் பொய் சொன்னதாவும் ஆகாது. கேட்டு வாங்குங்க.

2005லேர்ந்து 2010 வரைக்கும் மின்ட் செட் காயினுக்கு சாட்டின் ஃபினிஷ், பட்டு மாதிரி மங்கலா மினுக்கும். 2007 செட்டுல சாதா புழக்கக் காயின் மாதிரி பளிச்னு இருந்தா அது பேங்க் ரோல்லேர்ந்து வந்தது.

5. சீல், ஸ்டேபிள், ஓரம்

மெல்லிசு பிளாஸ்டிக் பேக்ல காயினுக்கும் காயினுக்கும் நடுவுல சூடு வச்சு அழுத்தின கோடு ஒரே அகலத்துல, ஒரே அழுத்தத்துல, ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரம் வரைக்கும் போகணும். வீட்டு சீலிங் மிஷின்ல திரும்ப ஒட்டினது கோணலா, சில எடத்துல உருகி சுருங்கி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சா ரெண்டாவது கோடு பழைய கோட்டு மேல ஏறியிருக்கறது தெரியும். ஒரே ஒரு அறை மட்டும் வித்தியாசமா இருந்தா அங்க என்ன காயின் இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் அந்த செட்லயே காஸ்ட்லியா இருக்க வேண்டிய காயின் அதுவாத்தான் இருக்கும்.

1950-55 பெட்டி செட்ல ஸ்டேபிள் ஓட்டைய எண்ணுங்க. ஒரு ஸ்டேபிளுக்கு ஒரு ஜோடி ஓட்டை. ரெண்டு ஜோடி இருந்தா கழட்டி அடிச்சிருக்காங்க. எழுபது வருஷம் ஆன ஸ்டேபிள் லேசா துருப்பிடிச்சு பக்கத்து செலோபேன்ல பழுப்புக் கறை விட்டிருக்கும், ஸ்டேபிள் மட்டும் புதுசா மின்னினா யோசிங்க.

கெட்டி பிளாஸ்டிக் கேஸ்ல ஓரத்த விரலால தடவிப் பாருங்க. நெம்பின எடத்துல வெள்ளையா ஒரு தழும்பு, இல்ல சின்ன சில்லு போன மாதிரி இருக்கும். ஆனா பொறுமையா திறந்தா தழும்பே விழாத கேஸும் உண்டு, அதனால கேஸ மட்டும் நம்பாம ஸ்டெப் 4 கண்டிப்பா பண்ணுங்க.

"பிரிக்காத கவர்" ஒரு தனி வியாபாரம். 1950கள், 60கள் ஃப்ளாட் பேக் கவர் பிரிக்காம இருந்தா ஜாஸ்தி வெல கேப்பாங்க. பழைய கோந்து ஆவில விட்டுக்கும், திரும்ப ஒட்டிக்கும். உள்ள என்னன்னு தெரியாத கவருக்கு நான் ஒரு டாலர் கூட எக்ஸ்ட்ரா குடுக்க மாட்டேன்.

6. பேப்பர், சர்டிபிகேட்

நம்மூர்ல வளந்தவங்களுக்கு சீல் வச்ச சர்டிபிகேட் பாத்தாலே ஒரு மரியாதை வந்துடும், அங்கதான் அடி. 1950, 60 செட்டோட மின்ட் சர்டிபிகேட் குடுக்கல. 1961 செட்டோட நம்பர் போட்ட, தங்க ஓரம் வச்ச சர்டிபிகேட் வந்தா அது வித்த கம்பெனி அடிச்சது. இப்போதைய செட்ல மின்ட்டே சர்டிபிகேட் வைக்குது, ஆனா அது வெறும் அச்சடிச்ச அட்டை, தனியாவே வாங்கலாம், அதனால அது இருக்கறது எதையும் நிரூபிக்காது.

சர்டிபிகேட்ல யார் பேர் இருக்குன்னு படிங்க. யுனைடெட் ஸ்டேட்ஸ் மின்ட்னு இருக்கணும். ஏதோ ஒரு மின்ட், ஏதோ ஒரு ட்ரெஷரி, ஏதோ ஒரு நேஷனல் கமிட்டின்னு கம்பீரமா இருந்தா தனியார் கம்பெனி. தங்க முலாம் பூசின ஸ்டேட் குவார்ட்டர் (மாநிலத்துக்கு ஒரு டிசைன்னு வந்தது), கலர் அடிச்ச ஸ்டேட் குவார்ட்டர் எல்லாம் இந்த வகை. மின்ட் அப்படி குவார்ட்டருக்கு முலாம் பூசி வித்தது இல்ல, புழக்கக் காயின வாங்கி மேல பூசினது, சேகரிக்கறவன் பார்வைல அது கெட்டுப்போன காயின்.

7. வெள்ளியா சாதாவா

1992லேர்ந்து ப்ரூஃப் செட் ரெண்டு விதமா வருது, சாதா, வெள்ளி. வெள்ளி செட் பெட்டில சாதா செட்ட வச்சு விக்கறது நடக்குது. கேஸ சாய்ச்சு காயின் ஓரத்தப் பாருங்க, நடுவுல செம்புக் கோடு தெரிஞ்சா சாதா. காயின் வெளில இருந்தா எடை போடுங்க: குவார்ட்டர் சாதா 5.67 கிராம், 90% வெள்ளி 6.25. டைம் 2.27, வெள்ளி 2.5. அரை டாலர் 11.34, வெள்ளி 12.5. 2019லேர்ந்து 99.9% வெள்ளி, எடை இன்னும் கொஞ்சம் கூடும். 0.01 கிராம் காட்ற சின்னத் தராசு இருபது டாலருக்குள்ள முடிஞ்சுடும்.

1982ல பென்னி செம்புலேர்ந்து துத்தநாகத்துக்கு மாறினதால, 1982 பென்னி ஏழு விதம்னு அட்டைல அடுக்கி விப்பாங்க, அது முழுக்க வெளில சேர்த்தது, மின்ட் அப்படி ஒரு செட் போடல. ஆசைக்கு வாங்கறதுன்னா வாங்குங்க, ஆனா செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம்னு எடை போட்டு சரியா அடுக்கியிருக்காங்களான்னு பாருங்க.

8. காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

விக்கறவருக்கு இத அப்படியே அனுப்புங்க: "இது மின்ட்டோட ஒரிஜினல் பேக்கிங்கா, நீங்களோ வேற யாரோ சேர்த்ததா? கவர், ரெண்டு பட்டை, முன்பக்கம் பின்பக்கம் போட்டோ அனுப்புங்க. நான் வாங்கப்போற அதே செட்டோட போட்டோ வேணும்." கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏன்னா நெறைய லிஸ்டிங்ல ஸ்டாக் போட்டோதான், அதாவது வேற ஏதோ செட்ட எடுத்த பொதுப் போட்டோதான் இருக்கும். பதில் எழுத்துல வரணும். போன்ல ஆமா சார் ஆமா சார்னு சொன்னத வச்சு ரிட்டர்ன் கேக்க முடியாது.

ஓஜிபின்னு எழுதினா ஒரிஜினல் கவர்மெண்ட் பேக்கேஜிங். "மின்ட் ஸ்டைல் ஹோல்டர்", "கலெக்டர் எடிஷன்", "இயர் செட்", "கஸ்டம் செட்" இதெல்லாம் பாத்தா வெளில சேர்த்ததுன்னே எடுத்துக்கோங்க. சில பேர் நேர்மையா அசெம்பிள்டுன்னே போடுவாங்க, அவங்ககிட்ட தாராளமா வாங்கலாம்.

9. வெல, நாள் கணக்கு

1980கள் நடுவுல மின்ட் பதினொரு டாலருக்கு வித்த சாதா ப்ரூஃப் செட் இன்னிக்கும் பல வருஷம் அதுக்குக் கீழயே போகுது. பழசு ஆச்சுன்னா வெல ஏறும்னு யாராவது சொன்னா இதக் காட்டுங்க. 1964 வரைக்கும் உள்ள செட்டுக்கு வெள்ளிதான் அடிமட்ட வெல: ஒரு ப்ரூஃப் செட்ல டைம், குவார்ட்டர், அரை டாலர் மூணும் சேர்த்து சுமார் 0.61 ட்ராய் அவுன்ஸ் (ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம்) வெள்ளி. அன்னிக்கு வெள்ளி ரேட்டால பெருக்கிக்கோங்க, அதுக்குக் கீழ யாரும் ஒரிஜினல் செட்ட தர மாட்டாங்க, தந்தா ஏதோ இடிக்குது. வெளில சேர்த்த செட்டுக்கு என் கணக்கு, முகமதிப்பு இல்ல வெள்ளி மதிப்பு, கூட பிளாஸ்டிக்குக்கு ரெண்டு மூணு டாலர். சேல்ஸ் டாக்ஸ் காயினுக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஷிப்பிங்கையும் சேர்த்துத்தான் கம்பேர் பண்ணணும்.

முதல் செட்ட முடிஞ்சா காயின் ஷோல வாங்குங்க. ஒரே வருஷத்து செட்ட நாலு டேபிள்ல கைல எடுத்துப் பாத்தா ஒரிஜினல் எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடும், எந்தப் போட்டோவும் அதக் குடுக்காது.

ஈபேல வாங்கினா பார்சல் வந்த 30 நாளுக்குள்ள "சொன்ன மாதிரி இல்ல"ன்னு கேஸ் போடலாம். பேபால்ல காசு கட்டின நாள்லேர்ந்து 180 நாள். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துடுங்க, லிஸ்டிங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, வித்து முடிச்சதும் சில பேர் டிஸ்கிரிப்ஷன மாத்திடறாங்க. முக்கியமா, சந்தேகமா இருக்கற செட்ட நீங்க திறக்கவே கூடாது. திறந்துட்டா அப்புறம் மாத்தினது நீங்கதான்னு ஆகிடும். மேல சொன்ன செக் எல்லாமே, எடை போடறது தவிர, பிளாஸ்டிக் மேலேர்ந்தே பண்ணிடலாம்.

ஏற்கனவே வாங்கி பீரோல வச்சிருக்கறது வெளில சேர்த்ததுன்னு இப்ப தெரிய வந்தா, தூக்கிப் போட வேணாம். காயின் மேல பச்சையா பிசுபிசுன்னு ஏதாவது படிஞ்சிருக்கான்னு மட்டும் உடனே பாருங்க, மட்டமான மெத்து பிளாஸ்டிக்ல பிவிசி இருக்கும், அது காயின அரிச்சுடும். இருந்தா வெளில எடுத்து மைலர் ஃப்ளிப்புக்கு (பிவிசி இல்லாத சின்ன பிளாஸ்டிக் உறை) மாத்துங்க, துணி போட்டுத் தேய்க்காதீங்க, பெயின்ட் கடைல விக்கற சுத்தமான அசிட்டோன்ல ஜன்னலத் திறந்து வச்சு முக்கி எடுத்தா போதும், நெயில் பாலிஷ் ரிமூவர் வேணாம், அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும்.